ஒரே கட்சி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நடைமுறை பற்றிப் பேசப் போகும் இடங்களிலெல்லாம் என்னிடம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இதே கதை உலகில் பல இடங்களில் வேறு வேறு பெயர்களில் நடந்திருப்பதால், உதாரணங்களும் பல நாடுகளிலிருந்து வரும்.

ஆதிக்கக் கட்சின்னா என்ன? ரெண்டு தடவை ஜெயிச்சாலே அப்படிச் சொல்லிடலாமா?

இரண்டு தடவை போதாது. தொடர்ந்து மூன்று தேர்தல்களிலாவது ஒரே கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற வேண்டும் என்பது இத்தாலிய அறிஞர் ஜியோவானி சர்தோரி வைத்த அளவுகோல். பேச்சு வழக்கில் இந்தச் சொல் இன்னும் நீண்ட ஆட்சிகளுக்குத்தான் வருகிறது. மெக்சிகோவில் 1929இல் தொடங்கி, பின்னால் பிஆர்ஐ என்று பெயர் மாறிய கட்சி, 2000 வரை 71 ஆண்டுகள் அதிபர் பதவியை விடவில்லை. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி 1955 முதல் 1993 வரை ஒரே மூச்சாக ஆண்டது. சுவீடனில் சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் 1976 வரை, நடுவில் ஒரு கோடைக்காலம் மட்டும் நீங்கலாக, ஆட்சியில் இருந்தது. மலேசியாவில் அம்னோ என்ற கட்சியின் தலைமையிலான கூட்டணி 1957 முதல் 2018 வரை. சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சி 1959இலிருந்து இன்றுவரை.

எல்லாம் ஒரே ரகம் இல்லை என்பது இந்தப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். சுவீடனையும் பழைய மெக்சிகோவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க வரும் விஷயம்.

மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே ஜெயிக்கிறாங்க? இதுல என்ன தப்பு?

ஜெயிப்பதில் தப்பே இல்லை. ஒரு கட்சி நன்றாக ஆண்டு, மக்களும் திரும்பத் திரும்ப அதையே விரும்பினால், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. நான் எப்போதும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கட்சியால் தோற்க முடியுமா? நாளைக்கே மக்கள் மனது மாறினால் அந்த மாற்றம் முடிவில் தெரியுமா? தோற்றால் சத்தமில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்களா?

சுவீடனில் 1976இல் இது நடந்தது. 44 ஆண்டு ஆட்சி முடிந்தது, அடுத்தவர்கள் வந்தார்கள், நாடு வழக்கம்போல நகர்ந்தது. பழைய மெக்சிகோவில் இதே கேள்விக்குப் பல பத்தாண்டுகள் ‘முடியாது’ என்பதே பதில்.

ஒரு கட்சி ஆட்சின்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. ஒரு கட்சி ஆட்சியில் மற்றக் கட்சிகளுக்குச் சட்டப்படியே இடம் கிடையாது. ஆதிக்கக் கட்சி முறையில் எதிர்க்கட்சிகள் உண்டு, வேட்புமனு உண்டு, பிரசாரம் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. ஒரே ஓட்டப்பந்தயம், ஆனால் ஒருவர் மட்டும் பாதி தூரத்திலிருந்து கிளம்புகிறார். அந்தப் பாதி தூரம் உழைத்துச் சேர்த்ததா, அரசு கஜானாவிலிருந்து எடுத்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாதிப் பேர்கூட ஓட்டுப் போடல, ஆனா முக்கால்வாசி சீட் எப்படிக் கிடைக்குது? கணக்கே இடிக்குதே?

கணக்கு சரிதான், விதி அப்படி. தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கே அந்த இடம். மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுக்கு மதிப்பு இல்லை. ஒரு தொகுதியில் ஆளுங்கட்சிக்கு 40 ஓட்டு, மூன்று எதிர்க்கட்சிகளுக்குத் தலா 20 ஓட்டு என்றால், 60 பேர் வேண்டாம் என்று சொல்லியும் 40 வாங்கியவர்தான் போவார். இதே கதை நாடு முழுக்க நடந்தால் சின்ன முன்னிலை மலையாகிவிடும்.

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1951–52இல், காங்கிரசுக்குக் கிடைத்தது சுமார் 45 சதவீத ஓட்டு, 489இல் 364 இடங்கள். ஜப்பானில் 2012இல் லிபரல் ஜனநாயகக் கட்சி ஓர் உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுக்கும் தொகுதிகளில் சுமார் 43 சதவீதம் வாங்கி 300இல் 237ஐ எடுத்தது. சிங்கப்பூரில் 2011இல் 60 சதவீதத்துக்கு 87இல் 81. இவற்றில் எதிலும் கள்ள ஓட்டு தேவைப்படவில்லை.

இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். போட்ஸ்வானாவில் 1966இலிருந்து ஆண்ட பிடிபி கட்சி, 2024இல் சுமார் 30 சதவீத ஓட்டு வாங்கியும் 61 தொகுதிகளில் 4இல் மட்டுமே வென்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கிப் பிடித்த விதியே அன்று அவர்களைக் கவிழ்த்தது.

தொகுதி எல்லையைக் கொஞ்சம் அப்படி இப்படி மாத்துறது அவ்வளவு பெரிய விஷயமா?

ரொம்பப் பெரிய விஷயம். யாரும் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பதில்லை என்பதால் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. மலேசியாவில் 2013இல் காப்பார் தொகுதியில் சுமார் 1,44,000 வாக்காளர்கள். அரசு அலுவலகங்கள் நிறைந்த புத்ராஜெயாவில் சுமார் 16,000 பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு உறுப்பினர். அதாவது காப்பாரில் ஒன்பது பேர் வரிசையில் நின்று போட்ட ஓட்டின் எடை, புத்ராஜெயாவில் ஒருவர் போட்ட ஓட்டுக்குச் சமம்.

எதிர்க்கட்சிக்குச் செல்வாக்குள்ள நகரத் தொகுதிகள் வீங்கிக்கொண்டே போக, ஆளுங்கட்சியின் கிராமத் தொகுதிகள் சின்னதாகவே இருந்தன. அந்த 2013 தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணிக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 51 சதவீத ஓட்டு, ஆளும் கூட்டணிக்கு 47. ஆனால் 222 இடங்களில் 133 ஆளும் கூட்டணிக்கே போனது. மேலே பார்த்த ‘முதலில் வருபவருக்கே’ விதியோடு எல்லை வரைபடமும் சேர்ந்தால் தோற்றவர் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓட்டுப்பதிவு அமைதியா நடந்துச்சு, கள்ள ஓட்டும் இல்ல. அப்போ தேர்தல் நேர்மையாத்தானே நடந்திருக்கு?

ஓட்டுப்பதிவு நேர்மையாக நடந்தது என்று சொல்லலாம். தேர்தல் என்பது அந்த ஒரு நாள் மட்டும் இல்லையே. நடுவில் இருக்கும் நான்கைந்து ஆண்டுகளில் தொலைக்காட்சியில் யார் முகம் வந்தது, அரசு விளம்பரம் எந்தப் பத்திரிகைக்குப் போனது, எதிர்க்கட்சிக்கு நன்கொடை கொடுத்த தொழிலதிபர் வீட்டுக்கு மறுவாரம் யார் வந்தார்கள், கூட்டம் போட அனுமதி யாருக்குக் கிடைத்தது, எல்லாமே தேர்தல்தான்.

ஹங்கேரியைப் பாருங்கள். ஃபிடெஸ் கட்சி 2010இல் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு வந்தது, அதுவும் மக்கள் தாராளமாகக் கொடுத்த வெற்றி. வந்த கையோடு புதிய அரசியல் சட்டம், புதிய தேர்தல் சட்டம், 386 இடங்கள் 199 ஆகின, தொகுதிகள் புதிதாக வரையப்பட்டன. அடுத்த தேர்தலில், 2014இல், ஓட்டு சுமார் 45 சதவீதமாகக் குறைந்தது. இடங்கள் மட்டும் 133, அதாவது மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு. இதில் ஒவ்வொரு படியும் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, சட்டமாக்கி, அரசிதழில் போட்டுச் செய்தது. எந்த வாக்குச்சாவடியிலும் போய் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. வந்தா எங்க ஏரியாவுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஆளுங்கட்சிக்கே போட்டுட்டுப் போறதுதானே புத்திசாலித்தனம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சாலை வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பவர் கேட்கும் நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கணக்கைப் போட வைத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் பெரும்பாலானோர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் அப்போது லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கவில்லை, சில மாடிகளில் மட்டும் நின்றது. முட்டிவலி உள்ள ஒரு பாட்டி காய்கறிப் பையோடு இரண்டு மாடி கீழே இறங்கி வந்துதான் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. 1997 தேர்தலில் ஆளுங்கட்சி வெளிப்படையாகவே சொன்னது: கட்டடங்களை மேம்படுத்தும் திட்டத்தில் எங்களை ஆதரித்த பகுதிகளுக்கே முன்னுரிமை. அந்தப் பாட்டிக்கு அப்போது கையில் இருந்தது ஓட்டா, லிஃப்ட் கேட்கும் விண்ணப்பமா?

வரிப்பணம் எல்லோரிடமும் வாங்கி, சேவையை மட்டும் ஓட்டைப் பார்த்துக் கொடுத்தால், வாக்காளர் தன் கருத்தைச் சொல்வதை நிறுத்திவிடுவார். யார் ஜெயிப்பார்கள் என்று ஊகித்து அவர்கள் பக்கம் நிற்பார். எல்லோரும் அப்படி ஊகித்தால் ஊகம் பலித்துக்கொண்டே இருக்கும். ஆதிக்கத்தின் பெரிய பலம் இங்கேதான் என்பது என் எண்ணம். அதே நேரம் பொத்தோங் பாசிர் தொகுதி மக்கள் 1984 முதல் 2011 வரை எதிர்க்கட்சி உறுப்பினரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விலை தெரிந்தே கொடுத்த ஓட்டு அது. அதை நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

எதிர்க்கட்சிகள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குதே? தப்பு அவங்க மேலதானே?

பாதி அவர்கள் மேல்தான். கென்யாவில் 1992இல் டேனியல் அராப் மொய் சுமார் 36 சதவீத ஓட்டோடு மறுபடியும் அதிபரானார். எதிர்த்து நின்ற மூன்று பெரிய வேட்பாளர்களின் ஓட்டைக் கூட்டினால் 60 சதவீதத்தைத் தாண்டும். 2002இல் முக்கிய எதிர்க்கட்சிகள் பல சேர்ந்து ஒரே வேட்பாளராக மவாய் கிபாகியை நிறுத்தின. அவருக்கு 62 சதவீதம். 1963இலிருந்து ஆண்ட கட்சி அன்றோடு போயிற்று.

மீதிப் பாதி அவர்கள் கையில் இல்லை. பதவிக்கு வரும் வாய்ப்பே இல்லாத கட்சியில் திறமையான இளைஞர்கள் சேர மாட்டார்கள். நன்கொடை வராது. தப்பித் தவறி ஜெயித்தவரும் தாவிவிடுவார். கொள்கைக்காக உயிரையே கொடுப்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்கள் பேசுவது நடுவில் நிற்கும் வாக்காளருக்குக் கடுமையாகப் படும். பிறகு ‘இவங்களை நம்பி எப்படி ஆட்சியைக் கொடுக்கிறது’ என்று அதே வாக்காளர் கேட்பார். ஆட்சி நடத்தியே பார்க்காதவர்களிடம் ஆட்சி அனுபவம் எங்கிருந்து வரும்?

அந்தக் கட்சிக்குள்ளேயே கோஷ்டி சண்டை நடக்குதே, அதுவே எதிர்க்கட்சி வேலையைச் செஞ்சிடாதா?

ஓரளவு செய்யும். இந்திய அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி 1960களில் ‘காங்கிரஸ் அமைப்பு’ என்று சொன்னது இதைத்தான். சின்ன எதிர்க்கட்சிகள் வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்கும், காங்கிரசுக்குள் இருக்கும் கோஷ்டிகள் அதைக் காதில் வாங்கி உள்ளே மோதிக்கொள்ளும், கொள்கை மாறும். ஜப்பானிலும் பல பத்தாண்டுகள் பிரதமர் மாறியது பெரும்பாலும் கோஷ்டிகளின் பேரத்தில்தான்.

ஆனால் கோஷ்டிச் சண்டையில் நமக்கு ஓட்டு இல்லை. அது மூடிய கதவுக்குள் நடக்கிறது. மெக்சிகோவில் அடுத்த அதிபர் வேட்பாளர் யார் என்பதை இருக்கும் அதிபரே முடிவு செய்தார். ‘விரல் காட்டுவது’ என்றே அங்கே அதற்குப் பெயர். கட்சிக்குள் தோற்றவர் வெளியே வந்து நின்று ஜெயிக்க வழி இருந்தால்தான் உள்சண்டைக்கு மதிப்பு.

ஆட்சி மாறிக்கிட்டே இருந்தா எந்த வேலையும் முடியாதே? நிலையான ஆட்சி நல்லதுதானே?

நீண்ட திட்டங்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஜப்பானும் சிங்கப்பூரும் ஓர் ஆதிக்கக் கட்சியின் நீண்ட ஆட்சியில்தான் வளர்ந்தன. ஆனால் மெக்சிகோவில் அதே நிலைத்தன்மையோடு 1982இல் பெரிய கடன் நெருக்கடியும் வந்தது. நிலையான ஆட்சி வளர்ச்சியையும் தரலாம், தவறைத் திருத்த ஆளில்லாத நிலையையும் தரலாம். தவிர, ஆட்சி மாறினாலும் அலுவலகங்கள் ஓடும்படி அதிகாரிகள் அமைப்பு இருக்க வேண்டும். கட்சியும் நிர்வாகமும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட இடத்தில்தான் ‘இவர்கள் போனால் எல்லாம் நின்றுவிடும்’ என்ற பயம் வரும்.

விகிதாச்சார முறை கொண்டு வந்தா பிரச்சினை தீர்ந்திடுமா?

விகிதாச்சாரம் என்றால் ஒரு கட்சி வாங்கிய ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம். சீட்டுக் கணக்கு சீராகும், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் 1994இலிருந்து விகிதாச்சார முறைதான். அங்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முப்பது ஆண்டுகள் தனிப்பெரும்பான்மையோடு ஆண்டது, ஏனென்றால் மக்கள் உண்மையிலேயே அத்தனை ஓட்டுப் போட்டார்கள். 2004இல் கிட்டத்தட்ட 70 சதவீதம். 2024இல் அது சுமார் 40 ஆக இறங்கியதும் இடங்களும் அப்படியே இறங்கின, கூட்டணி அரசு அமைக்க வேண்டி வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணாடி மாதிரி காட்டியது. மேலே சொன்ன விளம்பரம், நன்கொடை, லிஃப்ட் விவகாரங்களை இந்த முறை தொடாது.

தேர்தல் ஆணையம் பலமா இருந்தாப் போதாதா?

போதாது, ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது. இதற்கு மெக்சிகோ கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1988 ஜூலை 6 இரவு ஓட்டு எண்ணிக்கை. தேர்தலை நடத்தியது உள்துறை அமைச்சகம், அதாவது ஆளுங்கட்சி அமைச்சர். எதிரணி வேட்பாளர் குவாத்தெமோக் கார்டெனாசுக்கு அதிக ஓட்டு விழுந்துகொண்டிருப்பதாகப் பேச்சு கிளம்பியது. அப்போது கணினி அமைப்பு நின்றுவிட்டது என்று அறிவித்தார்கள். பின்னர் வந்த முடிவில் ஆளுங்கட்சியின் சாலினாசுக்கு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். வாக்குச்சீட்டுகள் நாடாளுமன்றத்தின் நிலவறையில் பூட்டி வைக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து எரிக்கப்பட்டன. இனி யாரும் எண்ணிப் பார்க்க முடியாது.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் மாற்றம் வந்தது. 1990இல் தனித் தேர்தல் அமைப்பு, 1996இல் அதை அரசின் பிடியிலிருந்து முழுசாக விடுவித்தார்கள். புகைப்படத்தோடு வாக்காளர் அட்டை. வாக்குச்சாவடியை நடத்துபவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, பிறந்த மாதத்தை வைத்துக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்த அக்கம்பக்கத்துக் குடிமக்கள். ஒரு ஆசிரியை, ஒரு மெக்கானிக், ஒரு கல்லூரி மாணவன் சேர்ந்து மேசையில் சீட்டைக் கொட்டி எண்ணுவார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஏற்பாடு இதுதான். பக்கத்து வீட்டுக்காரரை விலைக்கு வாங்குவது கஷ்டம், லட்சக்கணக்கான பக்கத்து வீட்டுக்காரர்களை வாங்குவது நடக்கவே நடக்காது. 2000 ஜூலை 2 அன்று எதிர்க்கட்சியின் விசென்டே ஃபாக்ஸ் ஜெயித்தார். அன்றிரவே ஆளுங்கட்சி அதிபர் செடியோ தொலைக்காட்சியில் வந்து அதை ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பலமான கட்சிகள் கடைசியில எப்படித்தான் தோக்குது?

பெரும்பாலும் உள்ளேயே உடைந்து. ஜப்பானில் 1993இல் சொந்தக் கட்சிக்காரர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு வெளியேறினார்கள். தைவானில் 2000இல் குவோமின்டாங் கட்சியின் மூத்த தலைவர் ஜேம்ஸ் சூங் தனியாக நின்றதால் ஓட்டு இரண்டாகப் பிரிந்து, 39 சதவீதம் வாங்கிய எதிர்க்கட்சியின் சென் ஷுய்-பியான் அதிபரானார். மலேசியாவில் 2018இல் கூட்டணியை வீழ்த்தியவர் அதே கூட்டணியின் முன்னாள் பிரதமர் மகாதீர். மெக்சிகோவின் கார்டெனாசும் பழைய பிஆர்ஐக்காரர்தான்.

ஒரு தடவை தோத்துட்டா அப்புறம் எல்லாம் சரியாகிடுமா?

சரியாகும் என்று சொல்ல முடியாது. மலேசியாவில் 2018இல் வந்த புதிய அரசு, கட்சி தாவலால் 2020 தொடக்கத்திலேயே கவிழ்ந்தது. ஜப்பானில் தோற்ற கட்சி ஒரு வருடத்துக்குள் கூட்டணி வைத்துத் திரும்பி வந்தது. மெக்சிகோவில் பிஆர்ஐ 2012இல் திரும்பியது. புதிதாக வந்தவர்களும் பழைய கருவிகளை, அதாவது அரசு விளம்பரம், எல்லை வரைபடம், ஏரியாவுக்கு நிதி ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் விதியை மாற்றச் சரியான நேரம், பழையவர்கள் தோற்று, புதியவர்கள் இன்னும் பயத்தோடு இருக்கும் அந்த முதல் ஒன்றிரண்டு வருடங்கள்தான். ஜப்பானில் 1994இல் தேர்தல் முறையை மாற்றியது அப்படிப்பட்ட இடைவெளியில்.

நான் ஆளுங்கட்சிக்காரன். எங்க கட்சி பலமா இருக்கிறதுல எனக்குச் சந்தோஷம்தான். இதெல்லாம் எனக்கு எதுக்கு?

உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் சத்தம் போட்டால் ‘தோத்தவன் புலம்புறான்’ என்று போய்விடுவார்கள். நீங்கள் கேட்டால் கட்சிக் கூட்டத்தில் காதில் விழும். தொகுதி மறுவரையறைக்கு ஆட்சேபம் சொல்லும் நாட்கள் அறிவிக்கப்படும்போது வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். உங்கள் தெருவை ஏன் தள்ளிப்போய் அடுத்த தொகுதியில் சேர்த்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். வாக்குச்சாவடியில் எதிர்க்கட்சி முகவர் நாற்காலி காலியாக இருந்தால் அதை வெற்றியாக நினைக்காமல், ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள்.

போட்ஸ்வானாவில் 2024 நவம்பர் 1ஆம் தேதி, எண்ணிக்கை முழுசாக முடிவதற்குள்ளேயே அதிபர் மொக்வீட்சி மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரான டூமா போகோவிடம் பேசினார். 58 ஆண்டு ஆட்சி அப்படித்தான் கைமாறியது. அவருடைய கட்சி இன்னும் இருக்கிறது, அடுத்த தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். உங்கள் கட்சி என்றைக்காவது தோற்கும்போது, அது திரும்பி வர ஒரு நேர்மையான வாசல் உங்களுக்கும் வேண்டியிருக்கும்.